விழத் தெரிந்தவருக்கே அங்கே வேலை

கேள்வி: எங்களுக்கு முக்கூடல் பக்கம். பீடி சுற்றித்தான் குடும்பம் நடக்கிறது. மகன் பாளையங்கோட்டையில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறான். எட்டு வயதிலிருந்து சிலம்பம், இப்போது கராத்தேயும். படிப்பை நிறுத்திவிட்டுச் சினிமாவில் ஃபைட்டராகப் போகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஜாக்கி சானும் அடி வாங்கித்தான் மேலே வந்தாராம். 60,000 ரூபாய் கொடுத்தால் ஸ்டண்ட் சங்கத்து உறுப்பினர் கார்டு வாங்கித் தருவதாகச் சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் போன் பேசுகிறார். "ஏல, எலும்ப முறிச்சித்தான் சோறு திங்கணுமா?"ன்னு கேட்டா சிரிக்கான். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். சண்டைக் கலைஞர்களுக்கென்று சென்னையில் பல்லாண்டுகளாகத் தனிச் சங்கம் இயங்குகிறது. உறுப்பினராவதற்கு அவர்களுடைய விதிமுறை உண்டு, கட்டணமும் உண்டு; ஆனால் அந்தக் கட்டணம் சங்க அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்க வேண்டியதே தவிர, முகம் தெரியாத ஒருவருடைய போன் எண்ணுக்கு அனுப்ப வேண்டியதல்ல. கார்டு வாங்கித் தருகிறேன் என்று கிளம்பியவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த கடிதங்கள் எனக்கு முன்பும் வந்திருக்கின்றன.

இனி உங்கள் மகனுடைய பேச்சுக்கு வருவோம். அவர் சொல்லும் ஜாக்கி சான் கதை பொய்யல்ல, பாதிக் கதை. 1954இல் ஹாங்காங்கில் பிறந்த அவரை ஆறேழு வயதிலேயே ஒரு சீன நாடகப் பள்ளியில் ஒப்பந்தம் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். பெற்றோர் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்க, பிள்ளை அந்தப் பள்ளியிலேயே ஏறத்தாழப் பத்தாண்டு வளர்ந்தார். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே வாழ்க்கைதான். விடியுமுன் எழுந்து கரணமும் பாட்டும் சண்டையும் பழக வேண்டும், தப்புச் செய்தால் பிரம்படி விழும். அதாவது, உங்கள் மகன் இப்போது தொடங்க நினைக்கும் வயதில் அவர் பயிற்சியை முடித்து, முகம் தெரியாத ஸ்டண்ட் ஆளாக வேலை செய்துகொண்டிருந்தார். 1972இல் வெளியான புரூஸ் லீ படமொன்றின் இறுதிச் சண்டையில் வில்லன் உதைபட்டு அறைக்கு வெளியே பறந்துபோய் விழுவார். அப்படி விழுந்தவர் அந்த வில்லன் நடிகரல்ல, இருபது வயதைத் தொடாத ஜாக்கி சான். பிறகு வாய்ப்பு வற்றிப்போய், ஆஸ்திரேலியாவில் பெற்றோரிடம் சென்று கட்டட வேலையும் பார்த்தார். 1978இல் வந்த இரண்டு படங்களுக்குப் பிறகுதான் ஊர் உலகம் அவரைக் கதாநாயகனாக ஏற்றது. அதன் பிறகாவது உடம்புக்கு ஓய்வு கிடைத்ததா என்றால், இல்லை. 1987இல் வெளியான படத்துக்காக யூகோஸ்லாவியாவில் மரத்துக்குத் தாவியபோது கிளை முறிந்து கீழே விழுந்து, பாறையில் மோதி மண்டையோடு உடைந்தது. அறுவை சிகிச்சையால் உயிர் பிழைத்தார், ஒரு காதின் கேட்கும் திறன் குறைந்தது. கௌரவ ஆஸ்கர் 2016இல் அவர் கைக்கு வந்தபோது வயது 62. இந்த முழுக் கதையையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக அல்ல, அவர் கையில் எடுத்த உதாரணத்தின் மறுபாதி அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

மற்றொன்று, கம்பு சுழற்றுகிறவர்கள் எளிதில் கவனிக்காத விஷயம். சிலம்பப் போட்டியில் எதிராளியின் உடம்பைக் கம்பு தொட்டால்தான் புள்ளி. சினிமாவிலோ கம்பு ஒரு சாண் முன்னாலேயே நிற்க வேண்டும். இடைவெளியைக் கேமராக் கோணம் மறைத்துவிடும். அடி விழுந்ததாகப் பார்க்கிறவரை நம்பவைப்பது அடித்தவரின் கை அல்ல, வாங்கியவரின் உடம்பு. சில ஆண்டுகளுக்கு முன், அம்பாசமுத்திரத்தை அடுத்த ஆற்றங்கரையில் நடந்த ஒரு படப்பிடிப்பை ஒரு பகல் முழுக்க நின்று பார்த்தேன். காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை அணிந்த ஃபைட்டர் ஒருவர், உள்ளே முழங்கைக்கும் முழங்காலுக்கும் பேட் கட்டிக்கொண்டு, நாயகனின் குத்துக்காகக் காத்திருந்தார். நாயகனின் கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தியது. அதனால் ஃபைட்டர் ஒன்பது முறை முகத்தைத் திருப்பி, உடம்பை முறுக்கிச் சுழன்று விழுந்தார். கடைசி இரண்டு முறை மெத்தையின் ஓரம் தவறி மணலில் விழுந்தவர், எழுந்திருக்கும் முன்பே, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "மாஸ்டர், ஓகேவா?" என்றுதான் கேட்டார். நாயகனுக்குக் குடை பிடித்தார்கள்; இவருக்கு ஒருவர் தண்ணீர் பாட்டிலை எறிந்தார். உங்கள் மகன் கம்பு வீச்சில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஒன்பது முறை விழுந்து எழுந்து அந்தக் கேள்வியைக் கோபமில்லாமல் கேட்க முடியுமா என்பதை அவரே யோசிக்கட்டும்.

முடியும் என்று அவர் சொன்னால், அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். மானமுள்ள தொழில்தான் இது. பொன்னம்பலம் ஃபைட்டராக இருந்து பெயர் பெற்ற வில்லனானவர். தேசிய விருதில் சண்டை அமைப்புக்கு இடம் கிடைத்ததே 2016ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதலில் வாங்கியவர் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கரோ, 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் ஸ்டண்டுக்கு விருது தரப்போகிறது. ஆனால் விருது சண்டையை அமைக்கும் மாஸ்டருக்கு. ஃபைட்டருக்கு வேலை உள்ள நாளில் சம்பளம், இல்லாத நாளில் காத்திருப்பு. காலில் கட்டுப் போட்டால் அந்த மாதம் போயிற்று. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், காரைப் பறக்கவிடும் காட்சியில், பல்லாண்டு அனுபவமுள்ள ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரிழந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எலும்பு முறிவைப் பற்றிய உங்கள் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல.

ஆகவே, 'போகாதே' என்று சொல்லாதீர்கள். சொன்னால் நெல்லை எக்ஸ்பிரஸில் சொல்லாமல் ஏறிவிடுவார். மீதமுள்ள சில மாதங்களில் பட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள். அதற்குள் விழக் கற்றுக்கொள்ளட்டும்: ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்த ஒருவரிடம் மெத்தையில் உருளவும், உயரத்திலிருந்து குதித்து இறங்கவும் பழகலாம், ஆற்றில் நீச்சல் தெரிந்திருந்தாலும், உடையோடும் ஷூவோடும் நீந்துவது வேறு. ஓட்டுநர் உரிமமும் எடுத்துவைக்கட்டும். சிலம்பத்தை விட வேண்டாம். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சினிமா கைவிட்டாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முடியும், அந்த வாத்தியார் வேலையிலும் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தேர்வு முடிந்ததும், வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய், சங்க அலுவலகத்திலேயே விதிகளைக் கேட்டு எழுதிவரட்டும். காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, விபத்துக் காப்பீடு யார் பெயரில் என்ற இரண்டையும் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த ஏஜென்ட் இன்னொரு முறை போன் செய்தால், மகனிடமிருந்து நீங்களே வாங்கி, "பணத்தைச் சங்க ஆபீஸ்லயே வந்து கட்டுதோம், அங்க வந்து நில்லுங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.