நாள் முழுக்க விற்பனை நடந்தும் சிறு உணவுக் கடையில் கையில் காசு நிற்காதது ஏன்?
பெரும்பாலும் பரிமாறும் அளவில்தான் கோளாறு. தட்டுக்கு 200 கிராம் என்று விலை வைத்துவிட்டு, கைக்கணக்கில் 220 கிராம் போட்டால் மூலப்பொருள் 10 சதவீதம் கூடுதலாகப் போகும். மூலப்பொருள் செலவு விற்பனையில் 35 சதவீதம் என்றால், இழப்பு 3.5 சதவீதம். லாபமே 10 சதவீதம்தான் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படியே கரைந்துவிடும்! ஒரு கரண்டி எவ்வளவு எடை பிடிக்கிறது என்று தராசில் பாருங்கள். பிறகு அதே கரண்டியை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது மீதி. 100 தட்டுக்குச் சமைத்து 92 விற்றால், மீந்த எட்டின் செலவும் அந்த 92-இன் தலையில்தான். கிழமைவாரியாக மீதியை எழுதி வையுங்கள்.

டெலிவரி செயலிகள் கமிஷனைப் பொதுவாக லாபத்தில் அல்ல, விற்பனைத் தொகையில் பிடிக்கின்றன. உங்கள் சொந்த உழைப்புக்கான கூலியையும் செலவில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால், லாபம் என்று தெரிவது உண்மையில் உங்கள் சம்பளம்தான்.