ஷெல் டெஸ்ட் ஸ்கிரிப்டில் இவால் செய்யும்போது கோட்ஸும் ரீடைரக்‌ஷனும் ஏன் சொதப்புகின்றன?

கட்டளையை ஸ்டிரிங்காக ஃபங்ஷனுக்கு அனுப்பி, உள்ளே இவால் (eval: ஸ்டிரிங்கைக் கட்டளையாக ஓட்டும் ஷெல் கட்டளை) செய்கிறீர்கள். ஸ்பேஸ் உள்ள ஃபைல் பெயர் இரண்டாக உடைகிறது. எரர் மெசேஜ் ஃபைலுக்குப் போகாமல் திரையில் வருகிறது. இவை இரண்டு தனித்தனிப் பிழைகள்.

முதலில் கோட்ஸ் (மேற்கோள் குறிகள்). இவால் கட்டளையில் ஷெல் ஒரே வரியை இருமுறை படிக்கிறது. முதல் வாசிப்பிலேயே ஓர் அடுக்கு கோட்ஸ் உரிந்துவிடும். டெஸ்டை டபுள் கோட்ஸில் எழுதினால் உள்ளிருக்கும் வேரியபிள் அப்போதே விரியும். அதன் மதிப்பில் ஸ்பேஸ் இருந்தால் இவாலுக்குக் கிடைப்பது இரண்டு சொற்கள்; `;` இருந்தால் இன்னும் மோசம், மீதி தனிக் கட்டளையாகவே ஓடும். ஆகவே முழுக் கட்டளையையும் சிங்கிள் கோட்ஸில் வைத்து, உள்ளே வேரியபிளைச் சுற்றி டபுள் கோட்ஸ் போடுங்கள். கிட் (Git) மென்பொருளின் டெஸ்ட்களும் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கின்றன. உள்ளே சிங்கிள் கோட் வேண்டுமென்றால் `'\''` என்ற நான்கு குறிகள்: மூடு, `\` போட்டுத் தப்பவைத்த ஒரு கோட், மறுபடி திற.

ஃபங்ஷனுக்குள்ளும், வந்த முதல் ஆர்கியுமென்டை `"$1"` என்று கோட்ஸோடுதான் இவாலுக்குக் கொடுக்க வேண்டும். வெறும் `$1` கொடுத்தால் `*` ஃபைல் பெயர்களாக விரியலாம், புதுவரிகள் ஸ்பேஸாகிவிடும். பலவரிக் கட்டளையின் நடுவில் `#` கமென்ட் இருந்தால் அதற்குப் பிந்தைய வரிகள் எல்லாம் கமென்டாகி, டெஸ்ட் பாஸ் என்று காட்டக்கூடும். இதைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பக் கடினம்.

அடுத்து, அவுட்புட்டை வேறிடத்துக்குத் திருப்பும் ரீடைரக்‌ஷன். `2>&1 >பதிவு` என்று எழுதினால் எரர் திரைக்கே போகும், ஏனென்றால் இடமிருந்து வலமாகத்தான் ஷெல் செயல்படுத்தும்: எரர் (2), வழக்கமான அவுட்புட் (1) அப்போது போகும் திரைக்குத் திரும்பிய பிறகுதான் 1 ஃபைலுக்கு மாறுகிறது. `>பதிவு 2>&1` என்பதே சரி. இதை இவால் வரியின் கடைசியில், ஸ்டிரிங்குக்கு வெளியே போடுங்கள். ஸ்டிரிங்கில் `&&` கொண்டு கோர்த்த நான்கு கட்டளைகள் இருந்தால், உள்ளே போட்ட `>` கடைசிக் கட்டளையை மட்டும் பிடிக்கும்; வெளியே போட்டது நான்கையும் பிடிக்கும்.

ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் காட்டும் `-x` போட்டு ஓட்டினால் டிரேஸ் வரிகளும் எரர் ஃபைலில் கலந்து, ஒப்பீடு தோற்கும். பாஷ் (Bash) ஷெல்லில் டிரேஸை வேறு ஃபைல் டிஸ்கிரிப்டர் எண்ணுக்குத் திருப்ப முடியும் (4.1 முதல்).

இவாலைச் சுற்றி `( )` போடுவதும் நல்லது. உள்ளே இருப்பது தனி ஷெல்லில் ஓடுவதால், டெஸ்டுக்குள் எக்ஸிட் வந்தால் முழு ஸ்கிரிப்டும் நிற்காது. ஆனால் உள்ளே மாற்றிய வேரியபிள் வெளியே தெரியாது.

டெஸ்டில் ஒரே ஒரு கட்டளைதான், பைப்போ `>`-ஓ உள்ளே இல்லை என்றால் இவாலே வேண்டாம். கட்டளையைத் தனித்தனி ஆர்கியுமென்ட்களாக அனுப்பி, ஃபங்ஷனில் `"$@"` (வந்த எல்லா ஆர்கியுமென்ட்களும்) என்று ஓட்டுங்கள்.