கேசினோ வளாகத்தில் ஆர்.வி.யை நிறுத்தி இரவு தங்கலாமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. அவரும் மனைவியும் 28 அடி நீள மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறை வசதி கொண்ட வண்டி; இவ்வகை வண்டிகளின் பொதுப்பெயர் ஆர்.வி.) ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். ஜனவரியில் புறப்பட்டு, ஐ-81, ஐ-40 நெடுஞ்சாலைகள் வழியாகக் கலிபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக எண்ணுகிறார்கள். வழியில் உள்ள கேசினோக்களில், அதாவது சூதாட்ட விடுதிகளில், இரவில் வண்டியை இலவசமாக நிறுத்தலாம் என்று பலர் சொல்கிறார்களே, அது எல்லா இடத்துக்கும் பொருந்துமா, பாதுகாப்பானதா, நிறுத்தினால் ஆடித்தான் ஆக வேண்டுமா, ஆடுவதானால் எவ்வளவு ஒதுக்குவது என்பவை அவருடைய கேள்விகள். சென்னையிலிருந்து வரும் மைத்துனர் ஆல்புகர்க்கியில் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். அவர் விளையாடி ஏதேனும் வென்றால் வரி எப்படி என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கான பதில்: எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இரவு நிறுத்துவதற்கு இடம் தருவது எந்தச் சட்டமும் வழங்கும் உரிமை அன்று. அந்தந்த விடுதியின் நிர்வாகம் தன் வசதிக்காகத் தரும் அனுமதி. இடம் ஏராளமாக உள்ள, நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த விடுதிகள் இதைத் தாராளமாகத் தருகின்றன. ஏனெனில், வாகன நிறுத்தத்தில் தூங்குகிறவர் உள்ளே வந்து இரவு உணவு சாப்பிடுவார், சாப்பிட்டவர் கொஞ்ச நேரம் காசு போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரத்தின் முன் உட்காருவார் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். லாஸ் வேகஸின் ஸ்ட்ரிப் பகுதியைப் போல நிலம் விலையுயர்ந்த இடங்களில் இந்தத் தாராளத்தை எதிர்பார்க்கக் கூடாது. அங்குள்ள அடுக்குமாடி வாகன நிறுத்தங்களுக்குள் மோட்டார் ஹோமின் உயரம் நுழையவே நுழையாது.

அனுமதி கிடைக்கும் இடங்களிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெறும் தார்த்தளம்: மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எதுவும் இருக்காது. மற்றொன்று, விடுதியே நடத்தும் ஆர்.வி. பார்க்: 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப் மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீர் வாய் ஆகிய மூன்றும் சேர்ந்த ‘ஃபுல் ஹூக்கப்’ இடங்களைக் கட்டணத்துக்குத் தருவார்கள். நீங்கள் போவது ஜனவரி மாதம். உறைநிலைக்குக் கீழே போகும் இரவில் வெறுந்தளத்தில் நின்றால், வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ் புரொப்பேன் வாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில்தான் ஓடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பழைய பேட்டரியாக இருந்தால் விடியும் முன்பே தீர்ந்துவிடும். அடுத்த வண்டிக்காரர் தூங்கும்போது ஜெனரேட்டரை ஓட்டுவதும் முறையாகாது. ஆகவே கடுங்குளிர் இரவுகளில் இலவசத்தை மறந்துவிட்டு, மின் இணைப்புள்ள இடத்துக்குப் பணம் கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

தங்கப்போகும் நாளன்று மதியமே விடுதியைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அறை முன்பதிவுப் பிரிவைக் கேட்டால் பெரும்பாலும் தெளிவான பதில் வராது. பாதுகாப்புப் பிரிவுக்கு இணைப்புத் தரச் சொல்லுங்கள், இரவில் நிறுத்தத்தைச் சுற்றி வருபவர்கள் அவர்கள்தாம். இரவு தங்கலாமா, எத்தனை இரவு, எந்தப் பகுதியில், பெயரும் வண்டி எண்ணும் பதிய வேண்டுமா, ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்ற ஐந்தும் போதும். வந்து சேர்ந்ததும் அவர்களிடம் ஒரு முறை நேரில் சொல்லிவிட்டால், நள்ளிரவில் யாரும் கதவைத் தட்டி எழுப்ப மாட்டார்கள். வெறுந்தளத்தில் நிற்கும்போது வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதிகளான ஸ்லைடுகளை நீட்டுவது, வெயில்மறைப்பை விரிப்பது, வெளியே நாற்காலி போட்டு அடுப்பு மூட்டுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைத் தரையில் திறந்துவிடும் சிலரால்தான் பல விடுதிகள் இந்த அனுமதியை நிறுத்திவிட்டன என்று கேள்விப்படும்போது, கோபப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இரவு முழுவதும் விளக்கெரியும், கேமரா கண்காணிக்கும், காவலர் சுற்றி வரும் நிறுத்தம் நெடுஞ்சாலை ஓய்விடத்தைவிட நல்லது என்பதே என் மதிப்பீடு. குறை, சத்தமும் வெளிச்சமும். லாரிகளுக்கான வரிசையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். குளிரூட்டும் லாரிகளின் எஞ்சின் இரவெல்லாம் உறுமும்.

இனி உங்கள் பாதை. பென்சில்வேனியாவில் ஐ-81 நெடுஞ்சாலைக்கு அருகே கிரான்ட்வில்லில் குதிரைப் பந்தயத் திடலோடு சேர்ந்த ஹாலிவுட் கேசினோ இருக்கிறது. வர்ஜீனியா 2020இல்தான் கேசினோக்களுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. அதன் தென்மேற்கு முனையில் பிரிஸ்டலில் ஹார்டு ராக் விடுதியின் நிலையான கட்டடம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அதைத் தாண்டினால் டென்னசி. அந்த மாநிலத்தில் கேசினோவே கிடையாது. பிரிஸ்டலிலிருந்து மெம்ஃபிஸ் வரை ஏறத்தாழ 500 மைல் தூரத்துக்கு மாநிலப் பூங்காக்களையோ தனியார் ஆர்.வி. பார்க்குகளையோதான் நம்ப வேண்டியிருக்கும். கேசினோக்களை மட்டுமே தங்குமிடமாக வைத்து நாட்டைக் கடக்கலாம் என்று சொல்பவர்கள் வரைபடத்தை விரித்துப் பார்க்காதவர்கள்.

மிசிசிப்பி ஆற்றைக் கடந்தவுடன் ஆர்கன்சாவின் வெஸ்ட் மெம்ஃபிஸில் சவுத்லேண்ட் விடுதி வருகிறது. 2018இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகு, நாய்ப் பந்தயத் திடலாக இருந்தது முழுமையான கேசினோவாக மாறியது. அடுத்து ஓக்லஹோமா. இங்கே நிலைமை தலைகீழாகிவிடும். எல்லையைத் தாண்டியதும் ரோலண்டில் செரோக்கி பூர்வகுடியினரின் விடுதி, ஷானிக்கு அருகே பாட்டவாட்டமி இனத்தவரின் கிராண்ட் கேசினோ என்று ஐ-40இன் இரு புறமும் தொடர்ந்து வரும். கிராண்ட் கேசினோவுக்குச் சொந்த ஆர்.வி. பார்க்கும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் வடமுனையை 177 மைலில் கடக்கும்போது மறுபடியும் ஒன்றும் இருக்காது.

இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி நியூ மெக்சிகோவில் ஆல்புகர்க்கியைத் தாண்டியபின் தொடங்குகிறது. ஐ-40இன் 140ஆம் வெளிவழியில் (எக்ஸிட்) லகுனா பூர்வகுடியினரின் ரூட் 66 கேசினோ, 108இல் அவர்களுடையதே ஆன டான்ஸிங் ஈகிள், 102இல் அக்கோமா பூர்வகுடியினரின் ஸ்கை சிட்டி என மூன்று விடுதிகள் நாற்பது மைலுக்குள் இருக்கின்றன, மூன்றிலும் ஆர்.வி. வண்டிகளுக்கு இடம் உண்டு. மைத்துனர் சேர்ந்துகொள்ளும் இடத்துக்கும் இவை அருகில் இருப்பதால், முதல் இரவை இங்கே வைத்துக்கொள்ளலாம். ஸ்கை சிட்டி என்ற பெயர் உண்மையில் செங்குத்தான பாறைத்திட்டின் உச்சியில் பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்துவரும் அக்கோமா ஊருக்கு உரியது. வழிகாட்டியோடு அதைச் சுற்றிப் பார்க்கலாம். புகைப்படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும், சடங்கு நாள்களில் வெளியாருக்கு ஊர் மூடியிருக்கும். இயந்திரங்களின் முன்னே செலவழிக்கும் நேரத்தில் பாதியை அங்கே செலவழித்தாலும் லாபம்தான்.

அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃபுக்குச் சற்றுக் கிழக்கே, 219ஆம் வெளிவழியில், நவாஹோ நாட்டினரின் ட்வின் ஆரோஸ் உள்ளது. ஃபிளாக்ஸ்டாஃப் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் இருப்பதால், ஜனவரியில் கடும் பனிப்பொழிவு வந்தால் ஐ-40ஐயே மூடிவிடுவதும் உண்டு; அப்படிப்பட்ட நாளில் இந்த விடுதியே நல்ல அடைக்கலம். அதன்பின் கிங்மனிலிருந்து பிரிந்து, கொலராடோ ஆற்றங்கரையில் நெவாடா பக்கம் இருக்கும் லாஃப்லினுக்குப் போகலாம். டான் லாஃப்லின் என்பவர் 1960களில் ஒரு சிறு விடுதியோடு தொடங்கி உருவாக்கிய ஊர் அது. அவருடைய ரிவர்சைட் விடுதிக்கு எதிரிலேயே ஆர்.வி. பார்க் உண்டு. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வருபவர்களால் ஜனவரி முதல் மார்ச் வரை ஊர் நிறைந்துவிடும் என்பதால் இதற்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கிங்மனிலிருந்து புல்ஹெட் சிட்டிக்கு இறங்கும் 68ஆம் எண் சாலை, பல மைல் தூரம் தொடர்ந்து சரியும் செங்குத்துச் சாலை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், தாழ்ந்த கியரில் எஞ்சினின் தடுப்பைக் கொண்டு இறங்க வேண்டும். குளிர்காலத்தில் நெவாடா கடிகாரம் அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும் என்பதையும் கவனியுங்கள். பெட்ரோலை அரிசோனாவிலேயே நிரப்பிக்கொண்டால் கலிபோர்னியா விலையிலிருந்து கொஞ்சம் தப்பலாம்.

ஓக்லஹோமாவிலிருந்து அரிசோனா வரை நீங்கள் தங்கக்கூடிய விடுதிகளில் அநேகமாக எல்லாமே பூர்வகுடிகளின் நிலத்தில் இருப்பவை. 1987இல் கபசோன் என்ற பூர்வகுடியினரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் பூர்வகுடிகளின் சூதாட்ட விடுதிகளுக்காக இயற்றிய ‘இந்தியன் கேமிங்’ சட்டமும்தான் இவற்றுக்கு அடிப்படை. பயணிக்கு இதனால் என்ன என்றால், அந்த நிலத்தில் அந்த இனத்தின் அரசுக்குத் தன்னாட்சி உண்டு. உங்கள் வண்டிக்குச் சேதம் ஏற்பட்டாலோ, நீங்கள் வழுக்கி விழுந்தாலோ, மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது எளிதன்று. பெரும்பாலும் அவர்களுடைய கோரிக்கை நடைமுறையைத்தான், அதற்கென விதித்த கெடுவுக்குள், பின்பற்ற வேண்டும். எனவே ஏதாவது நடந்தால், கிளம்புவதற்கு முன்பே பாதுகாப்புப் பிரிவில் எழுத்து மூலம் பதிவு செய்து நகல் வாங்குங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் புகைத்தடைச் சட்டங்களும் அங்கே தாமாகச் செல்லுபடியாகா. உங்கள் மனைவிக்கு மூச்சுத் தொல்லை இருந்தால், புகையில்லாத பகுதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆடித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. யாரும் வந்து கேட்கப் போவதில்லை. உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தாலே போதுமான மரியாதை. ஆனால் ‘இலவசமாக நிறுத்தியிருக்கிறோமே, கொஞ்சம் ஆடிவிட்டு வருவோம்’ என்ற எண்ணம்தான் ஆபத்தானது; கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்ட் இயந்திரம் என்று பெயர் பெற்றவற்றில் ஒரு சுற்றுக்கு உண்மையில் போகும் பந்தயம் 60 சென்ட் அளவுக்கு இருக்கும். நிதானமாக ஆடினாலும் மணிக்கு 500 சுற்று ஓடும். அதாவது 300 டாலர் பந்தயம். இவ்வகை இயந்திரங்கள் பந்தயத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி விடுதிக்கே வைத்துக்கொள்கின்றன என்று கொண்டால், சராசரி இழப்பு மணிக்கு 30 டாலர். நீங்கள் இருவரும் இரண்டு மணி நேரம் ஆடினால் 120 டாலர். பல ஊர்களில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்போடு கூடிய ஓர் இரவுக்கு ஆகும் கட்டணத்தைவிட இது அதிகம்.

ரூலெட்டில் இரட்டைச் சுழியம் உள்ள சக்கரத்தில் விடுதியின் பங்கு 5.26 விழுக்காடு, ஒற்றைச் சுழியத்தில் 2.7. பிளாக்ஜாக்கில், எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்ற அடிப்படை முறையைப் பிழையின்றிக் கடைப்பிடித்தால் அரை விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஆனால் மேசையில் ‘6க்கு 5’ (முதல் இரு சீட்டில் 21 வந்தால் 5 டாலர் பந்தயத்துக்கு 6 டாலர் மட்டும் தருவது) என்று எழுதியிருந்தால் மேலும் ஒன்றே கால் விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும், எழுந்துவிடுங்கள். பணத்தைப் பொறுத்து என் யோசனை இதுதான்: பயணம் முழுமைக்கும் ஒரு தொகையை முடிவு செய்து, தங்கும் இரவுகளால் வகுத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் ரொக்கமாக உள்ளே எடுத்துச் செல்லுங்கள். வங்கி அட்டையும் கடன் அட்டையும் வண்டியிலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஏ.டி.எம். கட்டணம் வெளியே இருப்பதைவிட அதிகம், கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

விடுதியின் உறுப்பினர் அட்டை வாங்குவதில் தவறில்லை. அடையாள ஆவணம் காட்டினால் இலவசமாகத் தருவார்கள். அதைக் காட்டினால் பல விடுதிகளில் ஆர்.வி. பார்க் கட்டணமும் உணவும் சற்றுக் குறையும். சீசர்ஸ், எம்.ஜி.எம். போன்ற பெரு நிறுவனங்களின் அட்டை பல மாநிலங்களில் செல்லும்; பூர்வகுடி விடுதிகளின் அட்டை பெரும்பாலும் அந்தந்த இனத்தின் விடுதிகளோடு நின்றுவிடும். சலுகைகளை அவர்கள் கணக்கிடுவது நீங்கள் எவ்வளவு தோற்க வாய்ப்புண்டு என்ற எதிர்பார்ப்பை வைத்துத்தான் என்பதால், சலுகைக்காகக் கூடுதலாக ஆடுவது அர்த்தமற்றது.

வரிக்கு வருவோம். நீங்களும் மனைவியும் அமெரிக்காவில் வசிப்பவர்கள். எவ்வளவு சிறிய வெற்றியும் வருமானமாகக் காட்டப்பட வேண்டியதே. ஸ்லாட் இயந்திரத்தில் ஒரே முறையில் 1200 டாலரோ அதற்கு மேலோ விழுந்தால் வென்ற தொகையை வரித்துறைக்கு அறிவிக்கும் டபிள்யூ-2ஜி படிவம் தருவார்கள் என்பது நெடுங்காலம் இருந்த விதி. 2026 முதல் அந்த வரம்பு 2000 டாலராக உயர்ந்திருக்கிறது. அதே ஆண்டிலிருந்து, தோற்ற தொகையில் 90 விழுக்காட்டை மட்டுமே கழித்துக்கொள்ள முடியும், அதுவும் வென்ற தொகைக்கு உள்பட்டு, கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டுத் தாக்கல் செய்தால் மட்டுமே. தேதி, இடம், ஆட்டம், தொகை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் நோட்டு ஒன்று வண்டியில் இருக்க வேண்டும்.

மைத்துனரின் நிலை வேறு. அமெரிக்காவில் வரிக்கு உட்பட்ட வசிப்பாளராக இல்லாத அவருக்குப் பெரிய ஸ்லாட் பரிசு விழுந்தால், 30 விழுக்காட்டை வரியாக அங்கேயே பிடித்துக்கொண்டு, அதைக் காட்டும் 1042-எஸ் படிவம் கொடுப்பார்கள். சில நாடுகளில் வசிப்பவர்களுக்கு வரி ஒப்பந்தம் மூலம் இதிலிருந்து விலக்கு உண்டு. இந்தியாவுடனான ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட விலக்கு இல்லை. தோற்றதைக் கழித்துக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. ஆனால் பிளாக்ஜாக், ரூலெட், கிராப்ஸ், பக்கராட் ஆகிய ஆட்டங்களில் வெல்வதற்கு வசிப்பாளர் அல்லாதோரிடம் இந்த வரி கிடையாது. ஆகவே அவர் ஆட விரும்பினால், ஸ்லாட் இயந்திரத்தைவிட மேசை ஆட்டமே அவருக்கு ஏற்றது. பாஸ்போர்ட்டை மட்டும் எப்போதும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் ஏதேனும் விழுந்து வரி பிடிக்கப்பட்டால், 1042-எஸ் படிவத்தைப் பத்திரமாக எடுத்துச் சென்று சென்னையில் தம் ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் என்ற முறையில் அந்த வருமானத்தை அங்கேயும் காட்ட வேண்டியிருக்கும், இங்கே பிடித்த வரிக்கு வரவு கோர அந்தப் படிவமே சான்று.