தண்ணீர் சேர்த்தால் துகள் வளருமா?

கேள்வி: பெயின்ட்டுக்கான அக்ரிலிக் எமல்ஷன் தயாரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். லேசர் ஒளிச்சிதறல் கருவியில் எமல்ஷனை அப்படியே வைத்தால் துகள் அளவு 95 நானோமீட்டர் என்கிறது. தண்ணீர் கலந்தால் 140. தண்ணீர் பட்டுத் துகள் ஊதிவிடுகிறதா? ரிப்போர்ட்டில் எதை எழுதுவது?
— ஒரு வாசகி, ஓசூர்

பதில்: ஊதவில்லை அம்மா. 95-ஐ மறந்துவிடுங்கள்.

உங்கள் கருவி துகளை நேரடியாக அளப்பதில்லை. எமல்ஷன் என்பது நுண்ணிய பாலிமர் துகள்கள் மிதக்கும் நீர்தான். அந்தத் துகள்கள் ஓயாமல் அலைவதால் சிதறும் ஒளி மினுக்குகிறது. அந்த மினுக்கலின் வேகத்தைப் பார்த்து, ஐன்ஸ்டீன் 1905-இல் தந்த கணக்கின்படி விட்டத்தைச் சொல்கிறது. வேகமாக அலைந்தால் சின்னத் துகள், மெதுவாக அலைந்தால் பெரியது. ஆனால் ஒளி ஒரே ஒரு துகளில் பட்டு வெளியே வந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பாதிக்குப் பாதி பாலிமர் உள்ள எமல்ஷனில் அது நடக்குமா? தேர்க்கூட்டத்தில் மாட்டியவன் மாதிரி ஒளி பல துகள்களில் இடிபட்டுத்தான் வெளியே வரும். அத்தனை துகள்களின் அசைவும் அதில் ஏறிக்கொள்வதால் மினுக்கல் வேகமாகிறது. கருவியோ அதைச் சின்னத் துகள் என்று எடுத்துக்கொள்கிறது.

'எங்கள் கருவிக்குக் கலக்கவே வேண்டாம்' என்று விற்பவர்கள் சொல்வார்கள். 173 டிகிரியில் பின்னால் திரும்பும் ஒளியைச் சுவரோரமாகவே பிடிப்பதால் ஓரளவு அடர்த்தியைத் தாங்கும், அவ்வளவுதான். பல முறை இடிபட்ட ஒளியையே ஆதாரமாக்கும் முறையும் உண்டு. 1988-இல் பைன், வைட்ஸ், சைகின், ஹெர்போல்ஸைமர் நால்வரும் வகுத்தது அது. ஆராய்ச்சிக்கு அருமையானது, தினசரி தரச்சோதனைக்கு அது எதற்கு?

நான் லேடக்ஸ் (இதுபோன்ற பாலிமர் எமல்ஷன்) ஆய்வகத்தில் குப்பை கொட்டிய காலத்தில் நம்பியது கலத்தல் வரிசையைத்தான். ஆயிரம் மடங்கு, ஐயாயிரம், பத்தாயிரம் என்று கலந்துகொண்டே போங்கள். எங்கே அளவு மாறாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் எண். வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் வேண்டாம். அயனிகள் இல்லாத நீரில் துகளைச் சுற்றிய மின்னடுக்கு (துகளின் மின்னூட்டம் இழுத்துவைத்த அயனிகளின் படலம்) விரிந்து, சில நானோமீட்டர் கூடுதலாகக் காட்டும். லிட்டருக்கு 0.58 கிராம் உப்பு போட்டு, அந்த உப்பு நீரை 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிவிட்டுக் கலக்குங்கள். உங்கள் 140-கூடக் கொஞ்சம் இறங்கலாம். வடிகட்டுவதில் சோம்பல் கூடாது. பெரிய தூசி ஒன்று புகுந்தாலும் அதன் ஒளி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

அப்புறம், ரிப்போர்ட்டில் விட்டத்தோடு கலத்தல் அளவையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். ஒரு டிகிரி பிசகினால் நீரின் பாகுத்தன்மை சுமார் 2 சதவீதம் மாறும், விட்டமும் கூடவே நகரும்.