படகை விற்றுத்தான் ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். ஒன்பது வயது மகளுக்குப் பல மாதமாகத் தலைவலி. நோட்டை முகத்தோடு ஒட்டி வைத்து எழுதுகிறாள். மதுரையில் ஸ்கேன் பார்த்து, மூளைக்கு அடியில் கிரேனியோஃபாரிஞ்சியோமா கட்டி, மூக்கு வழியாக ஆபரேஷன் என்றார்கள். கணவர் நாட்டுப்படகை விற்கலாம் என்கிறார். ஒருவர் மூன்று வட்டிக்கு இரண்டு லட்சம் தருகிறாராம். எட்டு பவுன் நகையும், மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் இருக்கின்றன. எதில் கை வைப்பது?

பதில்: படகில் மட்டும் கை வைக்காதீர்கள், சகோதரி.

இது புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டி இருக்கும் இடம் பொல்லாதது. பார்வை நரம்பும், உடலின் ஹார்மோன்களைக் கவனிக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் அதை ஒட்டியே இருக்கின்றன. கட்டியை எடுத்த பிறகும் பல குழந்தைகளுக்கு அந்தச் சுரப்பி பழையபடி வேலை செய்வதில்லை. குறையும் ஹார்மோன்களுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன், தைராக்ஸின், ஓயாமல் சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்த டெஸ்மோபிரெசின் என்று பெரும்பாலும் ஆயுள் முழுக்க மருந்து வேண்டியிருக்கும். அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். ஆபரேஷன் செலவு ஒரு தடவையோடு போகும், மருந்துச் செலவு மாதாமாதம் வரும். அதற்கு மாத வருமானம் வேண்டும். உங்கள் வீட்டில் அது படகுதான்.

முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். 1800 425 3993 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். அதனால் முன்பணம் கட்டும் முன், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த ஆபரேஷன் அதில் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்று வட்டி வேண்டவே வேண்டாம். இரண்டு லட்சத்துக்கு மாதம் 6,000, வருடத்துக்கு 72,000, அசல் அப்படியே நிற்கும். நகையைக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். போகவர, தங்க, சாப்பிட அந்தப் பணம் ஆகும். அட்டை வேலை இழுத்தடித்தாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் அவசரம் என்றால் அன்றைக்கே நகையை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

செல்வமகள் கணக்கைத் தொடங்கி ஐந்து வருடம் முடிந்திருந்தால், உயிருக்கு ஆபத்தான நோய் என்ற காரணத்தில் முன்கூட்டியே முடிக்க விதி உண்டு. இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். நகைக்கும் மேல் செலவு போனால் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், வீடு திரும்பியதும் ஒரு மாத மருந்தைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நாட்டுப்படகை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் உங்கள் படகும் கரையில்தான் கிடக்கும். அந்த நாட்களிலும் ஹைட்ரோகார்டிசோனை ஒரு வேளைகூட விடக் கூடாது.