எழுத்துரு ஏன் மாறவில்லை? லேடெக் கேள்வி பதில்

ஜார்ஜ்டவுனில் கோயில் மலர், பள்ளி மலர் என்று லேடெக்கில் (கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) பக்கம் கட்டுவது என் பிழைப்பு. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எழுத்துருத் தகராறுகள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்: ஐயா, எழுத்துருவை மாற்றியதும் 'செய்தி'யில் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய்விட்டது. எழுத்துரு கெட்டுவிட்டதா?

எழுத்துரு பாவம், விடுங்கள் டீச்சர். யூனிகோடில் முதலில் 'ச', அதன் பிறகே கொம்பு. அதை முன்னே நகர்த்தி வைப்பது மென்பொருளின் வேலை. எழுத்துருக்களைக் கவனிக்கும் ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துருவை அழைக்கும்போது 'ஸ்கிரிப்ட்' தமிழ் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். லேடெக்கின் ஒரு வகையான லுவாலேடெக் என்றால், எழுத்துகளைக் கோத்து அடுக்கும் ரெண்டரராக ஹார்ஃப்பஸ்ஸையும் குறிப்பிடுங்கள்.

தைப்பூச மலர்க் குழுவிலிருந்து, பினாங்கு: அண்ணா, நன்கொடையாளர் பட்டியலில் எழுத்து சிறிதானது, வரி இடைவெளி மட்டும் குறையவே இல்லை.

இதில் நானும் ஒருமுறை ஏமாந்து, நான்கு பக்கப் பட்டியலை ஆறு பக்கத்துக்கு அச்சடித்திருக்கிறேன். எழுத்தளவு 10 புள்ளி (பாயிண்ட்) உள்ள ஆவணத்தில் வரிகளுக்கிடையே 12 புள்ளி. அடிக்குறிப்பு அளவுக்குப் போனால் எழுத்து 8, இடைவெளி 9.5. ஆனால் லேடெக்கின் அடியில் ஓடும் டெக் எந்த இடைவெளியை எடுப்பது என்று பார்ப்பது பத்தி முடியும்போதுதான். நீங்கள் கடைசிப் பெயரை ஒட்டியே, அளவுக் கட்டளை இருக்கும் அடைப்புக்குறியை மூடிவிட்டு, அதன் பிறகு பத்தியை முடிக்கும் வெற்று வரியை விட்டிருப்பீர்கள். பத்தி முடிவதற்குள் இடைவெளி பழையபடி 12க்குத் திரும்பிவிடும். எழுத்து 8, இடைவெளி 12! அந்த வெற்று வரியை அடைப்புக்குள் கொண்டுவந்து, பிறகு மூடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்: தமிழ்க் கட்டுரைக்கு நடுவே மலாய்ச் சொற்கள் மாயமாகின்றன.

சில தமிழ் எழுத்துருக்களில் லத்தீன் எழுத்தே கிடையாது. லேடெக் ஓடும்போது எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறந்தால் எந்தெந்த எழுத்து கிடைக்கவில்லை என்று வரிசையாகச் சொல்லியிருக்கும். யாரும் அதைத் திறப்பதில்லை. லுவாலேடெக்கில், மொழிகளைக் கவனிக்கும் பாபெல் தொகுப்பின் 'ஆன்கேர்' விருப்பத்தைப் போட்டால் எழுத்தைப் பார்த்துத் தானே எழுத்துருவை மாற்றிக்கொள்ளும். இன்னொரு வகையான ஸீலேடெக்கில் இது நடக்காது.

அதே அன்பர்: தடித்த எழுத்தும் வரவில்லை.

எழுத்துருவில் தடித்த வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேறு எழுத்துருவைத் தேடுங்கள். செயற்கையாகத் தடிக்க வைத்தால் 'ண'வின் சுழி அடைத்துக்கொள்ளும். சாய்வெழுத்து தமிழுக்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி.

பெயர் வேண்டாம் என்றவர்: புதிய கணினியில் லதா எழுத்துரு இல்லை என்கிறது.

விண்டோஸ் 10 முதல் அது விருப்பத் தொகுப்பில் இருக்கிறது. தனியாக நிறுவ வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும் வேலைக்கு, உரிமம் இடம் தரும் எழுத்துருவின் கோப்பையே ஆவணத்தின் பக்கத்தில் வைத்து, கோப்புப் பெயரால் அழையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈப்போ: பழைய பாமினிக் கட்டுரை, எந்த எழுத்துருவுக்கு மாற்றினாலும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது.

பாமினி யூனிகோடுக்கு முந்தைய பாணி எழுத்துரு; கோப்பில் இருப்பதே ஆங்கில எழுத்துதான், சார். பாமினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள், எழுத்துருவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.