எல்லாரையும் அட்மின் ஆக்காதீர்கள்: சர்வர் அனுமதி பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் ஒரு யூசரை சூடோ (அட்மின் உரிமையில் கட்டளை இயக்கும் வசதி) குழுவில் சேர்த்தேன். இன்னும் அனுமதி இல்லை என்றே வருகிறது.

பதில்: அவரை லாக்அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். புதுக் குழு அடுத்த லாகினில்தான் சேரும். ரெட்ஹேட் வகை லினக்ஸ் என்றால் அந்தக் குழுவின் பெயர் வீல்.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் ஒருவரை ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் சேர்த்தும் பவர்ஷெல் (கட்டளை எழுதி இயக்கும் கருவி) வழியாக நுழைய முடியவில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸில் சேர்த்துவிடலாமா?

பதில்: கூடாது. அந்தக் குழு சர்வரின் திரையைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு, போர்ட் 3389. பவர்ஷெல் ரிமோட்டிங் வருவது வின்ஆர்எம் என்ற விண்டோஸ் தொலைநிர்வாகச் சேவை வழியாக, போர்ட் 5985 அல்லது 5986. அதற்கு ரிமோட் மேனேஜ்மென்ட் யூசர்ஸ் என்று தனிக் குழு இருக்கிறது. அதில் சேர்ந்தால் உள்ளே வரலாம், அவ்வளவுதான். சர்வீஸை நிறுத்தித் தொடங்கவும் வேண்டுமென்றால் ஜேஇஏ (குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் அனுமதிக்கும் பவர்ஷெல் வசதி) அமைத்து அந்தக் கட்டளைகளை மட்டும் கொடுங்கள். தேவைக்கு மேல் ஒரு அனுமதியும் வேண்டாம்.

கேள்வி: ரிமோட்டில் கனெக்ட் ஆகவில்லை. அவசரம், உதவுங்கள்.

பதில்: என்ன சர்வர், என்ன பிழைச்செய்தி, ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் உதவ முடியாது. டைம்டு அவுட் என்றால் பெரும்பாலும் ஃபயர்வால். ரெஃப்யூஸ்டு என்றால் அந்தப் போர்ட்டில் சர்வீஸ் ஓடுகிறதா பாருங்கள். டினைட் என்றால் சர்வர் வரை போய்விட்டீர்கள், அனுமதிதான் சிக்கல். அடுத்த முறை பிழைச்செய்தியை அப்படியே அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர், ரூட் (லினக்ஸில் எல்லா உரிமையும் உள்ள கணக்கு) கடவுச்சொல் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். கடவுச்சொல்லை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. பல வருடமாக இதையே சொல்லி வருகிறேன், இன்னும் இதே கடிதம் வருகிறது. நாளைக்கு ஒரு கோப்பு அழிந்தால் லாகில் ரூட் என்று மட்டும்தான் இருக்கும். ஆறு பேரில் யார்? தவறே செய்யாதவர் மேலும் சந்தேகம் விழும், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு எஸ்எஸ்ஹெச் சாவி (தொலைவிலிருந்து நுழையக் கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிக் கோப்பு), ரூட் உரிமை தேவைப்படும் வேலைக்கு சூடோ. இப்படி வைத்தால் யார், எந்த டெர்மினலில், என்ன கட்டளை கொடுத்தார் என்பது டெபியன் வகையில் ஆத் லாகிலும் ரெட்ஹேட் வகையில் செக்யூர் லாகிலும் பதிவாகும். சூடோ போட்டு ரூட் ஷெல்லுக்குள் (ரூட்டாகக் கட்டளை அடிக்கும் இடம்) போய் உட்கார்ந்துகொள்ளும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். உள்ளே அடிக்கும் கட்டளைகள் சூடோ லாகில் சாதாரணமாக வராது. எல்லாருடைய சூடோவும் வேலை செய்வதைப் பார்த்த பிறகு ரூட்டின் நேரடி லாகினை மூடுங்கள். அப்போது ஒரு செஷனைத் திறந்தே வைத்துக்கொண்டு, வேறு விண்டோவிலிருந்து நுழைந்து சோதியுங்கள்.

போகிறவர் விஷயத்தில் ஒன்று. பாஸ்வேர்டை லாக் செய்தால் பாஸ்வேர்டுதான் பூட்டப்படும், அவருடைய சாவி அப்படியே வேலை செய்யும். கணக்கைக் காலாவதி ஆக்குங்கள். அவர் சாவியை எல்லாக் கணக்குகளிலிருந்தும் நீக்குங்கள், ரூட்டின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பு (நுழைய அனுமதி உள்ள சாவிகளின் பட்டியல்) உட்பட.

கேள்வி: சாவியை சர்வரில் போட்டும் கடவுச்சொல் கேட்கிறது. 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தும் பார்த்துவிட்டேன்.

பதில்: அந்த 777தான் இப்போது தடை. பிறர் எழுதக்கூடிய கோப்பை எஸ்எஸ்ஹெச் நம்பாது. எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700 (உரியவருக்கு மட்டும் முழு அனுமதி), ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத), இரண்டும் அந்த யூசரின் பெயரில். ஹோம் ஃபோல்டரிலும் பிறருக்கு எழுதும் அனுமதி கூடாது.

கேள்வி: சூடோ யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பைத் திருத்தினேன். இப்போது சூடோவே ஓடவில்லை.

பதில்: ரூட் செஷன் ஏதாவது திறந்திருந்தால் அதிலேயே சரிசெய்யுங்கள். இல்லையென்றால் கன்சோல் வழியாக ரெகவரி மோடுக்குத்தான் போக வேண்டும். இனி விசூடோ என்ற கட்டளை தவிர வேறு எதிலும் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள், அது பிழையைக் காட்டிவிட்டுத்தான் சேமிக்க விடும். மறுபடியும் சொல்கிறேன்: இன்னொரு செஷன் திறந்திருக்கட்டும்.

கேள்வி: ஒரு ஊழியர் வெப் சர்வரின் கான்ஃபிக் கோப்பை மட்டும் திருத்த, சூடோவில் விம் எடிட்டரைக் கொடுத்தால் போதும்தானே?

பதில்: அது முழு ரூட்டைக் கொடுத்ததற்குச் சமம். விம்முக்குள்ளிருந்தே ஷெல்லைத் திறந்துவிடலாம். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் சூடோஎடிட் (கோப்பைத் திருத்த மட்டும் உதவும் சூடோ வசதி) அனுமதி கொடுங்கள். எடிட்டர் அவருடைய சொந்த உரிமையில்தான் ஓடும்.